கைப்பற்றலின் எல்லை

1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக இலங்கையில் இயற்றப்பட்ட குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையை மெய்யியல் நூல் ஒன்றாகக் கருதுவார் எவருமிலர். வழக்கறிஞரும் நீதிமன்ற எழுதுவினைஞரும் தவிர வேறெவரும் அதனைப் புரட்டிப் பார்ப்பதும் அரிது. எனினும், அச்சட்டக்கோவையின் 218ஆம் பிரிவை ஊன்றி வாசிப்போர், மனிதனுக்கும் அவனது உடைமைக்கும் இடையே கோடு எங்கே கிழிக்கப்படல் வேண்டும் என்னும் பழைய வினாவொன்று அங்கே மறைந்து கிடப்பதைக் காண்பர். கடன் பட்டவனிடமிருந்து எவற்றைப் பறிக்கலாம், எவற்றைப் பறித்தலாகாது என்று அப்பிரிவு நிரற்படுத்துகின்றது. அந்நிரலின் பின்னால் நிற்கும் அறம் யாது என்பதையும், அவ்வறம் மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில் வாழ்ந்தோரை எட்டியதா என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டம் வரைந்த பட்டியல்

கடன் வழக்கொன்றில் தீர்ப்பு வழங்கப்பட்டதும் பணம் தானாகவே கைக்கு வந்துவிடுவதில்லை. வென்றவர் மீண்டும் நீதிமன்றத்தை நாடித் தீர்ப்பை நிறைவேற்றுதற்கான எழுத்தாணையைப் பெறல் வேண்டும். அவ்வெழுத்தாணையுடன் பிஸ்கால் உத்தியோகத்தர் கடனாளியின் வாசலுக்குச் செல்வார். முதலிற் பணத்தைக் கேட்பார். பணம் இல்லையெனின் பொருளைக் கைப்பற்றுவார். கைப்பற்றிய பொருள் பகிரங்க ஏலத்தில் விற்கப்படும். காணி, வீடு, தட்டுமுட்டு, பணம், கம்பனிப் பங்கு, பிறரிடமிருந்து கடனாளிக்கு வரவேண்டிய கடன் ஆகிய யாவும் இக்கைப்பற்றலுக்கு உட்பட்டவை. கடனாளி தன் விருப்பப்படி விற்கவோ கொடுக்கவோ உரிமையுள்ள எதனையும் சட்டம் கடன்கொடுத்தோரின் கைக்கு எட்டவைக்கின்றது என்று பொதுப்படக் கூறலாம்.

இவ்வாறு அகல விரித்த வலையில் அதே பிரிவு சில ஓட்டைகளை வேண்டுமென்றே விட்டுவைத்தது. கடனாளியும் அவனுடைய மனைவி மக்களும் உடுக்கும் அவசிய உடைகளும் படுக்கைகளும் கைப்பற்றப்படலாகா. தொழிலாளியின் கருவிகள் கைப்பற்றப்படலாகா. கடனாளி கமக்காரனாயின், அவனது கமத்தொழிற் கருவிகளும், அவன் பிழைப்பதற்கு அவசியமென நீதிமன்றம் கருதும் மாடுகளும் விதைநெல்லும் கைப்பற்றப்படலாகா. எதிர்காலத்திற் கிடைக்கவேண்டிய பராமரிப்புக்கான உரிமையும் கைப்பற்றப்படலாகாது. கூலியாட்களினதும் வீட்டு வேலையாட்களினதும் சம்பளமும் கைப்பற்றப்படலாகாது.

இப்பட்டியலின் பின்னால் இரக்கம் இருப்பது தெளிவு. ஆயின் இரக்கம் ஒன்றே காரணமெனின், விலையுயர்ந்த பொருளை எடுத்துக்கொண்டு மலிவானதை விட்டுவைத்தலே போதுமானதாயிருந்திருக்கும். உழவு மாடு மலிவான பொருளன்று. ஏலத்தில் நல்ல விலை போகக்கூடிய அதனைச் சட்டம் விட்டுவைக்கின்றதெனின், விலையைக் காட்டிலும் வேறொன்றை அது எண்ணிப் பார்த்துள்ளது எனல் வேண்டும். மாட்டை இழந்த கமக்காரன் அடுத்த போகத்தில் விதைக்கமாட்டான். விதையாதவன் மீதிக் கடனையும் தீர்க்கமாட்டான். தன் குடும்பத்தைத் தாங்கும் ஆற்றலையும் இழப்பான். எனவே, நேற்றுவரை சேர்த்தவற்றைக் கடன் எடுத்துக்கொள்ளலாம், நாளைக்கு எழுந்து நிற்பதற்கு வேண்டியவற்றை அது தீண்டலாகாது என்பதே இப்பட்டியலின் உட்பொருள் எனக் கொள்ளலாம்.

இவ்வுணர்வு ஐரோப்பியச் சட்டவல்லுநரின் கண்டுபிடிப்பு மட்டுமன்று. திரிகைக் கல்லை அடகாக வாங்கலாகாது, அது ஒருவனின் உயிரையே அடகு வாங்குவதாகும் என்பது விவிலியத்தின் உபாகம நூல் விதிக்கும் கட்டளை. கடனின்றி வாழ்தலை இல்லறத்தானின் நான்கு இன்பங்களுள் ஒன்றாகப் பௌத்தம் எண்ணுகின்றது. இந்தியாவின் 1908ஆம் ஆண்டுக் குடியியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, உடை, படுக்கை, சமையற் பாத்திரம் ஆகியவற்றோடு, சமய வழக்கின்படி பெண்ணொருத்தி களையக்கூடாத ஆபரணங்களையும் கைப்பற்றலுக்குப் புறம்பாக்குகின்றது. தாலியைத் தொடாதே என்பதை அவ்வேடு தனக்குரிய வறண்ட நடையிற் சொல்கின்றது.

உடலே ஈடாகிய காலம்

இப்பட்டியலின் அருமையை உணர்வதற்கு, அது தோன்றுமுன் இருந்த நிலையை நோக்குதல் வேண்டும். பண்டைய உலகிற் பொருள் இல்லாத கடனாளியின் உடலே ஈடாயிற்று. ஏதென்ஸ் நகரிற் கி.மு. 594ஆம் ஆண்டளவில் சோலோன் செய்த சீர்திருத்தங்களுள் முதன்மையானது, ஒருவனுடைய உடலை ஈடாக வைத்துக் கடன் கொடுத்தலைத் தடைசெய்தமையாகும். உரோமாபுரியில் கடனுக்காக மனிதன் கட்டுண்டு கிடக்கும் முறையைக் கி.மு. 326இல் எழுந்த சட்டம் ஒழித்ததாகக் கூறுவர். நமது நாட்டிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலில், கடன் தீர்க்க இயலாதோர் அடிமைகளாகும் வழக்கத்தைக் குறிப்பிடுகின்றார். மாத்தளை அவ்விராச்சியத்தின் திசாவனிகளுள் ஒன்றாக விளங்கியது. இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது 1844ஆம் ஆண்டிலேயே.

தமிழ் மரபில் இவ்விடயத்தை நினைவூட்டும் கதை அரிச்சந்திரனுடையது. விசுவாமித்திரருக்குக் கொடுக்கவேண்டிய கடனுக்காக நாட்டை இழந்தவன், பின்னர் மனைவியையும் மகனையும் விற்றான். ஈற்றில் தன்னையும் சுடலை காப்பவனுக்கு விற்றான். நடிகமணி வி. வி. வைரமுத்து மயான காண்டத்தில் அரிச்சந்திரனாகத் தோன்றியபோது ஈழத்தின் ஊர்தோறும் மக்கள் விடியவிடிய அமர்ந்து கண்ணீர் வடித்தனர். அக்கண்ணீர் வாய்மைக்குச் செலுத்திய வணக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மாணவராகிய நாம் பிறிதொரு வினாவையும் எழுப்புதல் தகும். சந்திரமதி எவரிடம் கடன் பட்டாள்? லோகிதாசன் எப்பத்திரத்தில் ஒப்பமிட்டான்? ஒருவன் தன் வாய்மையைக் காப்பதற்காக இன்னொருவரைப் பொருளாக மாற்றலாமா? கதை அரிச்சந்திரனின் சோதனையைக் கண்டு வியக்கின்றது. விற்கப்பட்டவர்களின் சம்மதத்தைக் கேட்பதற்கு அது நிற்பதில்லை. 218ஆம் பிரிவு, கடனாளியின் உடையோடு அவன் மனைவி மக்களின் உடையையும் சேர்த்துக் காக்கும்போது, அக்கதை கேட்க மறந்த கேள்வியை ஓரளவுக்கேனும் கேட்டுவிடுகின்றது.

எனினும் பழைய முறை ஒரே நாளில் மறையவில்லை. கைப்பற்றலுக்கு எல்லை வகுத்த அதே 1889ஆம் ஆண்டுச் சட்டக்கோவையிலேயே, தீர்ப்புக் கடனாளியைக் கைதுசெய்து மறியலில் வைப்பதற்கான ஏற்பாடுகளும் இடம்பெற்றன. படுக்கையை விட்டுவைத்து, அதிற் படுப்பவனைக் கொண்டுபோகும் இம்முரண்பாடு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. 1824இல் இலண்டன் மார்ஷல்சீ சிறையிற் கடனுக்காகத் தந்தை அடைபட்டிருக்க, பன்னிரண்டு வயதுச் சிறுவனான சார்ள்ஸ் டிக்கன்ஸ் காலணி மைத் தொழிற்சாலையில் வேலை செய்தமை இலக்கிய மாணவர் அறிந்ததே. உழைத்துக் கடன் தீர்க்கவேண்டியவனை அடைத்துவைத்து, உழைக்கும் வயதடையாதவனை வேலைக்கு அனுப்பிய முறை அது.

ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற இயலாமை ஒன்றையே காரணமாகக் கொண்டு எவரையும் மறியலில் வைத்தலாகாது என்று 1966ஆம் ஆண்டின் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனை தனது 11ஆம் உறுப்புரையிற் கூறுகின்றது. இலங்கை 1980இல் இப்பொருத்தனையில் இணைந்தது. அதே ஆண்டில் இந்திய உயர் நீதிமன்றம், கொச்சின் வங்கி தொடர்பான வழக்கொன்றில் இவ்வுறுப்புரையை எடுத்தாண்டது. கொடுக்க மனமற்றவன் வேறு, கொடுக்க வழியற்றவன் வேறு; வறுமை குற்றமாகாது என்னும் கருத்தை நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணையர் அத்தீர்ப்பில் வலியுறுத்தினார்.

துண்டு

இனி மாத்தளைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து வந்தோருட் பலர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். அவ்வழியிற் பசியாலும் நோயாலும் மாண்டோர் பலர். எஞ்சி வந்தவர்களோ வெறுங்கையுடன் வரவில்லை. ஒவ்வொருவரும் ஒரு கடனோடு வந்தனர். ஊரைவிட்டுப் புறப்படுவதற்காகக் கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, பழைய கடன்களைத் தீர்க்கப் பெற்ற தொகை ஆகியன, தோட்டத்தில் முதற் பேர் விழுமுன்னரே அவர்கள் கணக்கில் எழுதப்பட்டிருந்தன.

சட்டத்தின் பார்வையில் இவர்களிடம் கைப்பற்றத்தக்கது எதுவுமில்லை. காணி இல்லை, குடியிருந்த லயம் தோட்டத்துக்குரியது, உடையும் பாயும் விலக்களிக்கப்பட்டவை, கூலியும் 1889இன் பின் விலக்களிக்கப்பட்டது. ஏட்டளவில் நோக்குமிடத்து, பிஸ்கால் உத்தியோகத்தர் எவரும் அஞ்சவைக்க முடியாத மனிதர் இவர்களே. ஆயின் இவர்களின் கடனை வசூலிக்கப் பிஸ்கால் தேவைப்படவில்லை. அதற்கெனத் துண்டு இருந்தது.

துண்டு என்பது தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் ஒரு சிறு கடிதம். இத்தனை ஆட்கள், இவர்களின் கடன் இவ்வளவு. அத்தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் என்பது அதன் சாரம். கங்காணி அதனை எடுத்துக்கொண்டு வேறு தோட்டங்களுக்குப் போவான். அங்குள்ள துரை பணத்தைச் செலுத்தி ஆட்களைப் பெற்றுக்கொள்வார். கடன் அழியவில்லை, பழைய தோட்டத்துக் கணக்கிலிருந்து புதிய தோட்டத்துக் கணக்குக்கு மாறியது. அதனோடு மனிதரும் மாறினர். தமிழ்ச் சொல்லாகிய துண்டு, மொழிபெயர்க்கப்படாமலே ஆங்கிலேயரின் சட்ட ஏடுகளில் ஏறியது. இம்முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

1889 முதல் 1921 வரையான முப்பத்திரண்டு ஆண்டுகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்காலம் முழுவதிலும் ஒரு தோட்டத் தொழிலாளியின் கூலியை நீதிமன்றத் தீர்ப்பைக் கொண்டும் கைப்பற்ற முடியாது என்று சட்டக்கோவை கூறிக்கொண்டிருந்தது. அதே வேளையில், அத்தொழிலாளி எந்தத் தீர்ப்புமின்றித் தன் கடன் தொகையை விலையாகக் கொண்டு தோட்டம்விட்டுத் தோட்டம் கைமாற்றப்பட்டான். முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கின், 1865ஆம் ஆண்டின் தொழிற் சட்டத்தின் கீழ்த் தண்டனையும் காத்திருந்தது. உடைமை உள்ளவனுக்கு வரைந்த பட்டியல் உடைமை அற்றவனைக் காக்கவில்லை. கைப்பற்றுவதற்குப் பொருள் எதுவும் இல்லாதவிடத்து, கடன் மனிதனையே பொருளாக்கிக்கொண்டது.

கடன்கொடுத்தவரின் நியாயம்

இதுவரை கூறியவற்றால் கடன்கொடுத்தோர் யாவரும் கொடியவர் என்னும் முடிவுக்கு வருதல் பிழையாகும். மாத்தளை நகரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தமது வாழ்நாட் சேமிப்பை வியாபாரி ஒருவருக்குக் கடனாகக் கொடுத்தார் என எண்ணிப் பார்ப்போம். வியாபாரி கடையை மனைவியின் பெயருக்கும் வானை மைத்துனன் பெயருக்கும் மாற்றிவிட்டு, என்னிடம் எதுவுமில்லை என்கிறார். ஆசிரியர் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறித் தீர்ப்பைப் பெறுகிறார். தீர்ப்பு வெறுங் காகிதமாகவே கிடக்கின்றது. இங்கே வலியவர் கடனாளி, எளியவர் கடன்கொடுத்தவர். தீர்ப்பை நிறைவேற்றும் வலிமை சட்டத்துக்கு இல்லையெனின், ஏமாற்றுவோனே வாழ்வான்.

மேலும், கைப்பற்றலுக்குப் புறம்பான பொருள்கள் பெருகப் பெருக, ஏழைக்குக் கடன் கொடுப்பார் அருகுவர் என்று பொருளியலாளர் வாதிடுவர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. தோட்ட லயத்தில் வாழ்பவர் தாம் தலைமுறைகளாகக் குடியிருக்கும் அறையை வங்கியில் ஈடுவைக்க முடியாது. அது அவருக்குச் சொந்தமானதன்று. கைப்பற்ற முடியாதவை மட்டுமே உள்ளவருக்கு வங்கியின் கதவு எளிதில் திறவாது. அவர் அடகுக்கடைக்கும் வட்டிக்காரரிடமும் போக நேர்கின்றது. பிஸ்கால் தொடக்கூடாத தாலி, அவ்வாறுதான் தானாகவே அடகுக்கடைப் படியேறுகின்றது.

ஆகவே எல்லை வகுத்தல் என்பது கடன்கொடுத்தவரைத் தண்டிப்பதற்காகவோ கடனைப் பொய்யாக்குவதற்காகவோ இருத்தலாகாது. கடன் ஒரு வாக்குறுதி. வாக்குறுதிகள் காக்கப்படாத சமூகத்தில் எவரும் எவருக்கும் கைகொடுக்கமாட்டார். நமது வினா, அவ்வாக்குறுதியைக் காப்பதற்காக எதுவரை செல்லலாம் என்பதே.

எல்லையின் அடிப்படை

மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டியர் கரையிலே தாம் கண்டதாக ஒரு வழக்கத்தை விவரிக்கின்றார். பலமுறை கேட்டும் கடனைத் தராதவனைச் சுற்றிக் கடன்கொடுத்தவர் நிலத்தில் ஒரு வட்டம் கீறுவார். கடனைத் தீர்க்காமல், அல்லது தீர்ப்பதற்குத் தக்க உறுதியளிக்காமல், அவன் அவ்வட்டத்தைக் கடத்தலாகாது. அந்நாட்டு மன்னனே ஒருமுறை வேற்றுநாட்டு வணிகனுக்குக் கடன் பட்டுக் காலம் கடத்தியபோது, குதிரைமேல் வந்த அவனைச் சுற்றி வணிகன் வட்டம் கீறினான். கடன் தீரும்வரை மன்னன் அவ்விடத்தைவிட்டு அசையவில்லை. சட்டத்தின் முன் மன்னனும் குடியும் ஒன்றென்பதை இக்கதை காட்டுகின்றது எனப் பலர் பாராட்டுவர். அப்பாராட்டு நியாயமே. ஆயின் மன்னனைச் சுற்றிக் கீறிய வட்டமும் கூலியாளைச் சுற்றிக் கீறிய வட்டமும் ஒன்றாகா. மன்னன் ஆளனுப்பிப் பொன்னை வரவழைப்பான். கூலியாள் யாரை அனுப்புவான்? வட்டத்துக்குள் நிற்கும்வரை அவன் உழைக்கவும் முடியாது. உழையாமல் வட்டத்தைவிட்டு வெளியேறவும் முடியாது.

எனவே எல்லையின் அடிப்படையைப் பொருள்களின் விலையிலோ வகையிலோ தேடுவதைவிட, வாக்குறுதியின் இயல்பிலேயே தேடுதல் பொருந்தும். கடன்கொடுத்தவர் தமது உரிமையை எங்கிருந்து பெற்றார்? கடனாளி வாக்குக் கொடுத்தான் என்பதிலிருந்தே. வாக்குக் கொடுத்தல் சுதந்திரமுள்ள ஒருவனாலேயே இயலும். மாடும் மேசையும் வாக்குக் கொடுப்பதில்லை. ஆயின், வாக்குக் கொடுக்கும் தகுதியையே அழித்துவிடும் வசூல், தான் நிற்கும் நிலத்தையே தோண்டுவதாகும். ஜோன் ஸ்ருவேட் மில் 1859இல் வெளிவந்த 'சுதந்திரம் பற்றி' என்னும் நூலில், ஒருவன் தன்னை அடிமையாக விற்கும் ஒப்பந்தம் ஏன் செல்லாது என்பதற்கு இதையொத்த காரணத்தையே காட்டுகின்றார்: சுதந்திரத்தைக் கைவிடுவதற்கான சுதந்திரம் என ஒன்று இருத்தல் இயலாது.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின் 218ஆம் பிரிவின் பட்டியல் ஓர் ஒழுங்கைப் பெறுகின்றது. கருவி, உழவு மாடு, விதைநெல், கூலி ஆகியவை நாளைய உழைப்புக்கு உரியவை. உடையும் படுக்கையும் மனிதனாகப் பிறர்முன் நிற்பதற்கு உரியவை. மனைவி மக்களின் பொருட்டு அளிக்கப்பட்ட விலக்கு, வாக்குக் கொடாதவரிடமிருந்து வாங்கலாகாது என்பதைக் காக்கின்றது. இம்மூன்றையும் கடந்து எஞ்சியவற்றைக் கடன்கொடுத்தவர் எடுத்துக்கொள்வதில் அறத்துக்கு மாறானது எதுவுமில்லை. சொத்தை மனைவி பெயருக்கு மாற்றி மறைத்த வியாபாரிக்கு இவ்வெல்லை புகலிடம் ஆகாது. அவன் மறைத்தது நாளைய உழைப்பை அன்று, நேற்றைய சேர்மானத்தையே.

நான்காவதாக ஒன்றையும் சேர்த்தல் வேண்டும் என்பது என் கருத்து. அது மானம். காணி கைப்பற்றப்பட்டமையை அவ்விடத்தில் தப்படித்து அறிவிக்கும் வழக்கம் பழைய நடைமுறையில் இருந்தது. காணியை வாங்குவோர் அறிந்துகொள்வதற்காகவே அவ்வறிவித்தல் என்று சட்டம் கூறும். ஊரார் செவிகளில் அது வேறுவிதமாகவே ஒலித்திருக்கும். ஏலத்தில் விலைபோகாத, எவர் கணக்கிலும் வரவாகாத ஒரு பொருள் அன்று பறிபோயிற்று. கடன்கொடுத்தவருக்கு ஒரு சதமேனும் ஈட்டித்தராத இழப்பைக் கடனாளிமேற் சுமத்துவதற்கு எவருக்கும் உரிமையில்லை.

நாடு கடனாளியானபோது

இவ்வெல்லை பற்றிய உணர்வு நமக்குப் புதிதன்று என்பதற்கு அண்மைய வரலாறே சான்று. 2022 ஏப்ரில் 12ஆம் நாள் இலங்கை அரசு தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. கையிலிருந்த சொற்ப அந்நியச் செலாவணியை உணவுக்கும் மருந்துக்கும் எரிபொருளுக்கும் ஒதுக்கவேண்டியுள்ளது என்பதே அரசு கூறிய நியாயம். நாட்டவர் எவரும் அதனை மோசடி என்று இகழவில்லை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுதவிக்கு இணங்கியது. பின்னர் கடன்கொடுத்தோர் மறுசீரமைப்புக்கு உடன்பட்டனர். அரசொன்றின் தூதரகத்தையோ போர்க்கப்பலையோ கடனுக்காகக் கைப்பற்றலாகாது என்பது உலகச் சட்டத்தில் வேரூன்றிய கொள்கை. 2012இல் கானா நாட்டுத் துறைமுகத்திற் கடன்காரரால் தடுத்துவைக்கப்பட்ட ஆர்ஜென்டீனக் கடற்படைக் கப்பலைக் கடற்சட்டத்துக்கான சர்வதேச நீதிமன்றம் விடுவிக்குமாறு பணித்தது.

அதே நெருக்கடியில் சிக்கிய வியாபாரிகளுக்கும் ஓரளவு ஆறுதல் கிட்டியது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வங்கி ஒன்று நீதிமன்றத்தை நாடாமலே தனது பணிப்பாளர் சபையின் தீர்மானத்தைக் கொண்டு ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விடலாம். பராட்டே என வழங்கும் இவ்வதிகாரம், சிறிய, நடுத்தர முயற்சியாளரைக் காக்கும் பொருட்டு 2024இல் இடைநிறுத்தப்பட்டது. அவ்விடைநிறுத்தம் பின்னர் 2025 மார்ச் 31 வரை நீடிக்கப்பட்டது. நாடும் முயற்சியாளரும் எழுந்து நிற்பதற்குக் கால அவகாசம் வேண்டுமென்பதை யாவரும் ஏற்றுக்கொண்டனர்.

ஏலமிடுவதற்குச் சொத்தே இல்லாதவர்களின் நிலை யாது? நுண்கடன் என்பது பெரும்பாலும் ஈடின்றிக் கொடுக்கப்படுவது. சில பெண்களை ஒரு குழுவாக்கி, ஒருத்தி தவறின் மற்றவர்கள் பொறுப்பு என்று வைப்பர். ஈடு இல்லையென்பது மேலோட்டமான பேச்சு. அயலாரின் மதிப்பே அங்கு ஈடாக வைக்கப்படுகின்றது. தவணை தவறிய வீட்டு வாசலில் வசூலிப்பவர் வந்து அமர்ந்துவிடின், அது மார்க்கோ போலோ கண்ட வட்டமே. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, பெண்களைக் குறிவைத்த இத்தகைய கடன்களையும் வசூலிப்போரின் துன்புறுத்தல்களையும் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார். இவ்வசூலில் தீர்ப்பு இல்லை, எழுத்தாணை இல்லை, பிஸ்கால் இல்லை. ஆதலின் 218ஆம் பிரிவின் பாதுகாப்பும் அங்கே நுழைவதில்லை.

முடிவுரை

எல்கடுவை, இரத்தோட்டை, உக்குவளை, கம்மடுவை எனப் பரந்துகிடக்கும் மாத்தளைத் தோட்டங்களின் வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் இதுவே. கைப்பற்றலுக்கு எல்லை வகுக்கும் சட்டம், நீதிமன்றத்தின் வழியாக வரும் கடன்கொடுத்தவரை மட்டுமே தடுக்கின்றது. நீதிமன்றத்துக்கு வரத்தக்க உடைமை இல்லாதோரின் கடன் வேறு வழிகளால் வசூலிக்கப்படுகின்றது: முன்னர் துண்டால், இன்று குழுவின் முன் தலைகுனிவால். துண்டை ஒழிப்பதற்கு 1921இல் தனிச் சட்டமொன்று வேண்டியிருந்தது. கடன்களை அழிப்பதன்று அச்சட்டத்தின் பெருமை. கடனுக்கு விலையாக மனிதனை எழுதும் காகிதத்தை அது செல்லாததாக்கியமையே பெருமை.

அவ்வழியில் இன்றும் கேட்கவேண்டியவை மூன்றுண்டு. வசூலிப்பவர் வாசலில் நிற்கும்போது, அவர் கேட்பது நேற்றைய சேர்மானத்தையா, நாளைய உழைப்பையா? வாக்குக் கொடுத்தவரையா கேட்கிறார், அருகில் நிற்கும் பிள்ளையையா? அவர் எடுத்துச் செல்வது யாருடைய கணக்கிலேனும் வரவாகுமா, அன்றி ஒருவரின் மானத்தை வெறுமே அழிக்குமா? இக்கேள்விகளை நீதிபதி தமது ஆசனத்தில் இருந்து கேட்பதற்குச் சட்டக்கோவை வழிசெய்துள்ளது. லயத்து வாசலில் அவற்றைக் கேட்பதற்கு இன்னும் எவருமில்லை. அங்கே கேட்கும் சட்டமும் சங்கமும் உருவாகும்வரை, 218ஆம் பிரிவு பாதி எழுதப்பட்ட பிரிவாகவே இருக்கும்.